அம்மாவுக்கு நான் வாயாக இருந்த காலம்

எங்கள் அம்மாவை ஊமை என்றுதான் கொரட்டூரில் எங்கள் தெரு ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கதவைச் சாத்தினால் போதும், அம்மா பேசுவாள் பேசுவாள் அப்படிப் பேசுவாள். ரங்கூனில் விட்டுவிட்டு வந்த தங்கச்சியைப் பற்றி, அங்கே கிடைக்கிற கருவாட்டு விழுதைப் பற்றி, இந்த ஊர் வெயிலைப் பற்றி. எல்லாம் பர்மா பாஷையில். கதவைத் திறந்து வாசலில் கால் வைத்தால் வாய்க்குப் பூட்டு. வெளியே அவளுக்காகப் பேசுகிற வேலை என்னுடையது. யாரும் என்னைக் கேட்டுக் கொடுத்த வேலை இல்லை அது. தலையில் வந்து விழுந்தது. எனக்கோ கோபம் மூக்கு நுனியில்.

அம்மா பர்மாக்காரி. அப்பா ராமநாதபுரம் பக்கத்து ஆள். சின்ன வயசிலேயே கப்பலேறி ரங்கூனுக்குப் போய் ஓர் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். மில்லுக்குப் பின்னால் பலகாரம் போட்டு விற்ற வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார். அறுபதுகளின் நடுவில் நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பர்மாவை விட்டுக் கிளம்பினபோது நாங்களும் கிளம்பினோம். "அவன் போகட்டும், நீ ஏன் போகிறாய்?" என்று அம்மாவின் வீட்டில் எல்லாரும் கேட்டார்களாம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டாள். மெட்ராசில் இறங்கி, முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் கொரட்டூரில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் ஏரி, முன்னால் ரயில் தண்டவாளம், தெருக்கோடியில் ஒரு பொதுக் கிணறு.

அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அப்பாவிடம் கற்றுக்கொண்ட தமிழ் இருந்தது. ராமநாதபுரத்துத் தமிழ், அதுவும் பர்மாக்காரி வாயில். பர்மா பாஷையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்றம் இறக்கம் உண்டு. அந்த இழுப்பை அப்படியே தமிழுக்கும் கொண்டுவந்திருந்தாள். குடிவந்த வாரத்தில் கிணற்றடியில் அவள் முறை வந்தபோது, பக்கத்தில் நின்றவளைப் பார்த்து மரியாதையாக, "கவுறு குடுங்க தாயி" என்று கயிற்றைக் கேட்டாள். அவ்வளவுதான். கிணற்றடியே சிரித்தது. "பாட்டு பாட்றாடீ!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அதே ராகத்தில் சொல்லிக் காட்டினாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

சிரித்தவர்கள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை. விடிந்ததிலிருந்து வேலை செய்து அலுத்தவர்கள், சிரிக்க ஒன்று கிடைத்தது, சிரித்தார்கள். ஆனால் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனிமேல் நீ பேசு" என்றாள் பர்மா பாஷையில். ஏதோ இன்றைக்கு நாளைக்கு என்று நினைத்தேன். வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் என்று யார் கண்டது?

ரேஷன் கடைக்கு அம்மா போனால் நானும் போக வேண்டும். மீன்காரி வந்தால் விளையாட்டை விட்டு ஓடிவர வேண்டும். கிணற்றடியில் அம்மா பக்கத்திலேயே நிற்க வேண்டும். வைத்தியரிடம் போனால் இன்னும் கொடுமை. கம்பவுண்டர் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு இன்னா பண்ணுது?" என்பார். அம்மா என் காதில் சொல்லுவாள். பெரிய மனுஷிகள் சமாச்சாரம். அதை நான் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்லுவேன்? "வயித்து வலி" என்று சொல்லிவிடுவேன். எதற்கும் வயிற்று வலிதான். அம்மா குடிக்காத வயிற்று வலி மருந்து எங்கள் வைத்தியரிடம் இருந்திருக்காது.

அம்மா நீளமாகப் பேசுவாள், அதுதான் பெரிய தொல்லை. மீன்காரியிடம் கேட்க வேண்டியது விலை ஒன்றுதான். அம்மா அதற்கு முன்னால், வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்தாயே, தண்ணீர் குடிக்கிறாயா, உன் குழந்தைகள் சௌக்கியமா என்று தொடங்கி ஊரைச் சுற்றி வருவாள். நான் கேட்டு முடித்துவிட்டு மீன்காரியிடம், "எவ்ளோ?" என்பேன். அம்மாவுக்குத் தமிழ் புரியும் என்பதால் எல்லாம் தெரிந்துவிடும். "நான் அவ்வளவு சொன்னேன், நீ ஒரு வார்த்தைதானே சொன்னாய்?" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வாள். "அப்ப நீயே பேசேன்!" என்று நான் கத்துவேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

வீட்டுக்குள் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று பாஷை. அப்பாவுக்கு அவர் ஊர்த் தமிழ். அம்மாவுக்குப் பர்மா. எனக்குத் தெருவில் பொறுக்கின மெட்ராஸ் பாஷை. பர்மாவில் சோற்றுக்குத் தமின் என்று பெயர். "தமின் துன்லாமா?" என்று நான் கேட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். "சாப்புடலாமான்னு கேளு தாயி, அதென்ன துன்றது?" என்று அப்பா ஒரு பக்கம். அம்மாவின் வருத்தம் வேறு. என் பர்மா பேச்சில் ஏற்ற இறக்கமெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டதாம். "நீ பேசினால் செருப்பைக் கழற்றாமல் கோயிலுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது" என்பாள். வாக்கியக் கடைசியில் போடுகிற 'நோ' ஒன்றைத்தான் நான் சரியாகச் சொல்கிறேனாம். இது இங்கிலீஷ் 'நோ' இல்லை. 'சரிதானே', 'என்ன, செய்வாய் இல்லையா' என்று கொஞ்சம் கெஞ்சலும் கொஞ்சம் அதிகாரமுமாகக் கேட்கிற பர்மா 'நோ'. சீக்கிரம் வந்துவிடு, நோ? அப்படி.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோதுதான் சங்கடம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்க ஆவடிக்கு ரயிலில் போக வேண்டும். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்ப முடியும். தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணு நல்லாப் படிக்குது, நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். தமிழ் எழுத்தே தெரியாமல் வந்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ படித்து ஏறினவள் நான். எனக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! கால் தரையில் பாவவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார். "படிக்க வைக்க எனக்கு ஆசதான். நான் ஷிப்டுக்குப் போயிருவேன். நீயும் அங்கிட்டுப் போயிட்டா உங்க அம்மாவுக்கு ஆரு? தண்ணிக்கும் ரேசனுக்கும் ஆரு போவா? ஒரு ஆத்திர அவசரம்னா வாயத் தொறந்து கேக்க ஆளு வேணாமா?"

"நான் படிக்கணும்" என்றேன்.

"உங்க அம்மா வெளிய வாயத் தொறந்தா நீ படி. இல்லாட்டி இல்ல. இதுல நான் கோவப்பட ஒண்ணும் இல்ல தாயி."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவர் சொன்னது நியாயமாக வேறு இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து வீட்டில் பாடம் நடந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வந்து அம்மாவை எதிரில் உட்கார வைத்துச் சுத்தத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். "வாழைப்பழம்" என்பார் நாக்கை மடித்து. "வாயப்பயம்" என்பாள் அம்மா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தெருவே அப்படித்தான் சொல்லும். அப்பா நொந்துபோய், "இந்த ஊர்க்காரவுக சொல்றது பத்தாதுன்னு நீயுமா?" என்பார். அவர் தூங்கப் போனதும் நான் என் பாடத்தை எடுப்பேன். "எனக்கு முன்னாடி யாரு?" "எண்ணெய் வந்துச்சா?" "கயிறு குடு." எல்லாம் அம்மா அழகாகத் திருப்பிச் சொல்லுவாள். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. வாசற்படி தாண்டினால் பழையபடி என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். நான் அப்போது பாவாடை தாவணி. எத்தனை தாவணி அப்படிக் கிழிந்தது என்று அம்மாவுக்கே தெரியும்.

இதற்கு நடுவில் மாசி மாதம் எனக்கு அம்மை போட்டது. நான் நினைவில்லாமல் கிடந்தேன். அப்பா பட்டறையில். அம்மாவுக்கு வாய் இல்லை, வாயாக இருந்தவள் பாயில். அப்போது ஒருவரும் கூப்பிடாமலே உள்ளே வந்தவர் மூலை வீட்டம்மா.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னே வெள்ளானூர்ப் பக்கம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். புருஷனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். கிணற்றடி அவர் ராஜ்ஜியம். யார் முன்னால், யார் பின்னால் என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவர் போடுகிற சண்டை ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முதல்நாள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரிய சிரிப்பும் அவருடையதுதான். அந்தம்மா வேப்பிலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலைமாட்டில் இலையைச் செருகி, அம்மாவுக்கு ஜாடையிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்து, எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் எழுந்து நடமாடத் தொடங்கினதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று என் காதில் நெடுநேரம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் திரும்பி, "அம்மா ரொம்ப தாங்க்ஸ்னு சொல்றாங்க" என்றேன். மூலை வீட்டம்மா, "அட, போவியா!" என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது அம்மா இந்தத் தடவை என்னைத் திட்டக்கூட இல்லை.

சித்திரை பிறந்தது. பர்மாவிலும் அந்தச் சமயத்தில்தான் புது வருஷம். திஞ்சான் என்பார்கள். அங்கே அன்றைக்கு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்னப் பசங்கள் வாளியோடு வீசுவார்கள். பெரியவர்களுக்கு, மதிப்பானவர்களுக்கு, அப்படி வீச மாட்டார்கள். கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் எடுத்துப்போய், தோளில் மெல்ல வழியவிட வேண்டும். போன வருஷத்து அழுக்கெல்லாம் போய்விடும், நீ நல்லா இரு என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்லவே வேண்டாம். தண்ணீரே சொல்லிவிடும். கொரட்டூருக்கு வந்த பிறகு அம்மா வருஷா வருஷம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் ஊற்றுவாள். தெருவில் யாருக்கும் இது தெரியாது.

அன்றைக்கு விடிகாலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அம்மா சந்தனத்தை உரசி, செம்புத் தண்ணீரில் கரைத்து, மேலே மல்லிகைப் பூவைப் போட்டாள். எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். தனியாக! நான் சீப்பும் கையுமாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாதத்தில் எங்கள் கிணறு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாலு வாளி சேந்தினால் மண் தெரியும். அப்புறம் ஊறட்டும் என்று குந்தியிருக்க வேண்டும். பெண்கள் இருட்டோடு வந்து குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக்கிடப்பார்கள். மூலை வீட்டம்மா அன்றைக்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, குளித்து, புதுச் சேலை கட்டி, பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்து மாங்காட்டுக் கோயிலுக்குப் போகத் தயாராக, கிணற்றடியில் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு நின்றார். அம்மா நேரே அவரிடம் போனாள். குனிந்தாள். சிரித்தாள். செம்பைத் தூக்கி அவர் தோளில் ஊற்றிவிட்டாள்.

"ஐயையோ!"

அந்தக் கூச்சலுக்கு நான் தெருவில் இருந்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது.

"அடிப்பாவி! புத்தம் புதுப் பொடவடீ! ஒரு கொடம் தண்ணிக்கு நாங்க நாயா பேயா அலஞ்சிகினு கீறோம், நீ பூவப் போட்டு எம்மேல ஊத்துறியா? நான் இன்னா ஆடா? மஞ்சத்தண்ணி ஊத்தி வெட்டப் போறியா?"

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு நேர்ந்த ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டதும்தான் வெட்டுவார்கள். அதைத்தான் சொன்னார். சந்தனம் கரைத்த தண்ணீர் வேறு மஞ்சளாக இருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மா காலிச் செம்போடு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, இனி இவள் வீட்டை விட்டே வெளியே வரமாட்டாள், ஆவடியாவது ஒன்றாவது என்று மனசு அடித்துக்கொண்டது.

"இல்லக்கா, எங்க ஊர்ல வருசப் பொறப்புக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு! எப்பப் பாத்தாலும் நீதான் பேசுவியா? நீதான் இந்தக் கூத்தெல்லாம் சொல்லிக் குடுத்துருப்ப. பொட்டக் கயிதே, ஊமப் பொம்பளய வச்சி ஆட்டம் காட்டறியா?" என்று மூலை வீட்டம்மா என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

"ஏ!"

யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"எம்பொண்ண இன்னாத்துக்குத் திட்ற? ஊத்தனது அவளா? நானு! எங்கூர்ல வருசப் பொறப்புன்னா தண்ணிதான் ஊத்துவாங்க. கண்டவங்க மேல ஊத்த மாட்டாங்க. புடிச்சவங்க மேலதான் ஊத்துவாங்க. எம்பொண்ணு சாவக் கெடந்தா, நீ வந்து குந்தியிருந்த. ஒன்ன எனுக்குப் புடிச்சுது, ஊத்தனேன். இன்னான்ற இப்ப? புடிக்கலன்னா உடு, நோ? பொடவய நான் தொவச்சுத் தரேன், கயட்டிக் குடு!"

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டுவிட்டாள் போல, வாளி உள்ளே போய் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இது அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அந்தக் கை, அந்தக் கழுத்து வெட்டு, அந்த "இன்னான்ற இப்ப?" எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெருவுக்கே தெரிந்ததுதான்.

முதலில் வாயைத் திறந்தவர் மூலை வீட்டம்மாதான். "இன்னாடீ இது, என்ன மாதிரியே பேசுது!" என்றார்.

அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கிணற்றடி மொத்தமும் சிரித்தது. மூலை வீட்டம்மா ஈரச் சேலையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாடா, அப்பாடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுதேன்.

வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் அந்தக் கிணற்றடியில் நின்றவள், காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கே நாள் தவறாமல் கேட்ட தமிழ் யாருடையது? மூலை வீட்டம்மாவுடையது. வாத்தியார் அவர்தான். அவருக்கே அது தெரியாது.

"இத்தினி நாளு எங்கடீ வச்சிகினு இருந்த இந்த வாய?" என்று கேட்டார் ஒருவர். "அப்ப இவங்க ஒண்டிதான் ஒனக்குப் புடிச்சவங்களா? எங்களயெல்லாம் புடிக்கலயா?" என்று இன்னொருவர் வம்புக்கு இழுத்தார். மூலை வீட்டம்மா தன் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு அம்மா கையில் கொடுத்தார். சித்திரை மாதத்தில் அந்தத் தண்ணீர் சும்மா இல்லை. அம்மா யார் வீட்டுத் தோரணத்திலிருந்தோ ஒரு மாவிலையைப் பிய்த்து, அதில் தோய்த்து, ஒவ்வொருத்தர் தோளிலும் தெளித்தாள். "பாத்துடீ, கொஞ்சமா" என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் தோளைக் காட்டினார்கள். மூலை வீட்டம்மா அதே ஈரச் சேலையோடுதான் மாங்காட்டுக்குப் போனார். வெயிலில் காய்ந்துவிடும் என்றார்.

சாயங்காலம் அப்பா தெருமுனைக்கு வருவதற்குள்ளேயே சேதி அவர் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்து, "என்ன பேசுனா?" என்றார். நான் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். முதல் தடவையாக அம்மா சொன்னதைக் குறைக்காமல் சொன்னேன்.

"'கயட்டிக் குடு'ன்னா சொன்னா?"

"ஆமாம்பா."

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் சொல்லிக் குடுத்ததுல ஒரு வார்த்தகூட இல்லியே!" என்றார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருந்தாலும் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "ஒரு சண்ட போட்டா ஆச்சா? ரேசன் கடைக்குத் தனியாப் போய்ட்டு வரட்டும், பாக்கலாம்" என்றார்.

அம்மா போனாள். நான் வாசலிலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் டின்னோடு திரும்பி வந்தாள். கடைக்காரர் அளவைக் குறைத்து ஊற்றப் பார்த்தாராம். "இன்னா நைனா, அளவு எறங்கிக் கீதே" என்றாளாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் இன்னும் ஊற்றினாராம். அப்பா டின்னைத் தூக்கிப் பார்த்தார். "சரி, ஆவடிக்குப் போ" என்றார்.

இந்த இடத்தில் பின்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளில், நான் படிப்பு முடித்து ஆவடியிலேயே டீச்சராகப் போய்க்கொண்டிருந்தபோது, ரங்கூனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பர்மாக்கார அம்மா ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவரும் தமிழரைக் கட்டிக்கொண்டு வந்து, வடசென்னையில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடத்தில் குடியிருந்தார். அங்கே நாளெல்லாம் பர்மா பேச்சுத்தானாம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்கார வைத்துப் பர்மா பாஷையில் பொழிந்து தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வந்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் பர்மா பேச்சுக்கு நடுவில் 'அப்பால' வந்தது, 'பேஜாரு' வந்தது, 'ஜல்தி' வந்தது. ஏற்ற இறக்கமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அம்மாவும் செருப்போடு கோயிலுக்குள் நடக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது. என்னைத் திட்டியதை மறந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. கிணற்றடிச் சிரிப்பு ஒரு பாஷையைப் பூட்டி வைத்தது. இந்தச் சிரிப்பு இன்னொன்றைப் பூட்டிவிட்டால்? அவள் தாய்ப்பாஷை ஆயிற்றே. ஆனால் அம்மா டீ டம்ளரை அவர் கையில் திணித்து, "இன்னா சிரிப்பு? புரியுதில்ல? அப்பால இன்னா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பர்மா பாஷையில் தொடர்ந்தாள். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூலை வீட்டம்மா, "இன்னொரு டீ குடிச்சிட்டுத்தான் போவணும், நோ?" என்று அவரிடம் சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்போது 'நோ' போடாமல் பேசுவதில்லை.

சரி, ஆவடிக்கு வருகிறேன். முதல் நாள் பள்ளிக்கூடம். வகுப்பில் உட்கார்ந்திருந்தேனே தவிர நினைப்பெல்லாம் கொரட்டூரில். தண்ணீருக்குப் போனாளோ இல்லையோ, யாராவது ஏதாவது கேட்டால் என்ன செய்வாள், பழையபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ. ஆசிரியை என்ன நடத்தினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீடு திறந்து கிடந்தது. அம்மா இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பையோடு அப்படியே கிணற்றடிக்கு ஓடினேன்.

அம்மா கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். குடம் நிரம்பி எப்போதோ ஓரமாக வைத்தாகிவிட்டது. சுற்றிப் பெண்கள். அம்மா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் வந்த கதை. நடுவில் ஒரு சொல்லுக்குத் தடுக்கிற்று. கையைக் காற்றில் சுழற்றித் தேடினாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். பழக்கதோஷம், கூட்டத்துக்குள் நுழைந்து வாயைத் திறந்துவிட்டேன்.

"அம்மா இன்னா சொல்றாங்கன்னா..."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ ஊட்டுக்குப் போ. தமின் மூடி வச்சிகீறேன், துன்னு. நான் பேசிகினு கீறேன்ல, நோ?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. நான் வீட்டுக்குப் போனேன். பையை ஒரு மூலையில் போட்டேன். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். கிணற்றடியிலிருந்து அம்மாவின் குரல் வீடு வரைக்கும் கேட்டது. அவள் தேடின சொல் அவளுக்குக் கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் நிதானமாக, தட்டு காலியாகிற வரைக்கும், யாருக்காகவும் எழுந்து ஓடாமல் சாப்பிட்டேன்.